இன்னும் இரண்டு நிமிடம்

சங்கரபாண்டியன் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கியபோது அது ஒரு தடவை கீச்சென்று கத்தியது. வடிவாம்பாள் சட்டென்று குனிந்தாள். மடியில் கிடந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை, அது சும்மாதான் கிடக்கிறது. வீட்டில் கணவரைப் பார்த்துக்கொள்ளும் பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், எதற்கெடுத்தாலும் கூப்பிடாதே, அவருக்குப் புரையேறினால் மட்டும் கூப்பிடு, புரையேறி முதுகைத் தடவியும் நிற்காவிட்டால் மட்டும் கூப்பிடு என்று. சொல்லும்போது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் கைப்பேசி அசைந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கூப்பிடு என்றே சொல்லியிருக்கலாம், இட்லி சாப்பிட்டார், சிரித்தார், காக்கா வந்து ஜன்னலில் உட்கார்ந்தது, எல்லாவற்றுக்கும். மேடையின் பின்னால் தொங்கிய பதாகையின் நிழல் அவள் தோளில் விழுந்திருந்தது. தீராத நோயில் சாவைக் கேட்பது மனிதனின் உரிமையே, உரிமை அன்று என்று அதில் இரண்டு நிறத்தில் எழுதியிருந்தார்கள். பச்சையில் உரிமை, சிவப்பில் உரிமை அன்று. அவள் சிவப்பு. பாளையங்கோட்டை டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றம், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முன்வரிசையில் டாக்டர்கள், பின்வரிசைகளில் நர்சிங் படிக்கிற பெண்கள் ஒரே மாதிரி பின்னல் போட்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து பிரியாணிக்குத் தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பட்டையும் கிராம்பும். சாவைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இத்தனை பசியைக் கிளப்புகிற வாசனை வருவது சரிதானா என்று நினைத்தாள், பிறகு சரிதான் என்று நினைத்தாள். சங்கரபாண்டியன் பச்சைப் பக்கத்தின் கடைசிப் பேச்சாளர். அவர் முடித்ததும் அவள். பத்து நிமிடம் அவர், பத்து நிமிடம் அவள், அப்புறம் நடுவரின் தீர்ப்பு, அப்புறம் சாப்பாடு.

தீர்ப்பு என்னவென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மேடையேறுவதற்கு முன் பின்னறையில் டீ குடிக்கும்போது நடுவர் மாசிலாமணி ஐயா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "உங்க பக்கம்தாம்மா. உயிர்தான் பெரிசுன்னு முடிச்சு விட்டாத்தான் ஜனங்க நிம்மதியா இலையில உக்காருவாங்க. சங்கரபாண்டி, நீரு கோவிச்சுக்கிடாதேயும்." சங்கரபாண்டியன், "நான் எப்ப ஐயா ஜெயிச்சிருக்கேன், என் வீட்டுலயே நான் எதிரணிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். முப்பத்தைந்து வருடமாக இப்படித்தான். எந்தப் பக்கம் என்று போனில் சொல்வார்கள், அந்தப் பக்கம் அன்றைக்கு மட்டும் அவளுடைய உண்மையாகிவிடும். கூட்டுக் குடும்பம் என்று தென்காசியில் பேசி, மறுவாரமே தனிக் குடித்தனம் என்று சங்கரன்கோவிலில் பேசியிருக்கிறாள், இரண்டிலும் கைதட்டு வாங்கியிருக்கிறாள், இரண்டிலும் ஒரு சொட்டுப் பொய்கூட இல்லை என்று வீடு திரும்பும்போது தோன்றும். கல்லூரியில் தமிழ் நடத்திய பழக்கம். அதைவிடவும் அவள் கணவர் வேலாயுதம் நடத்திய பழக்கம். எந்த மன்றத்துக்குப் போனாலும் அவர் இரண்டு தாள் எழுதிக் கொடுப்பார். வெள்ளைத் தாளில் அவள் பேச வேண்டியவை. மஞ்சள் தாளில் எதிரணி பேசப் போகிறவை. மஞ்சளை முதலில் படி, அது சொல்கிறது சரி என்று உனக்குத் தோணணும், தோணின பிறகு வெள்ளையை எடு, என்பார். எதிராளி சொல்வது சரியென்று ஒரு நிமிடமாவது நினைக்காதவள் மேடையேறினால் அது பேச்சு இல்லையாம், சத்தமாம். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொள்வார். பத்து நிமிடம் ஆனதும் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு. அவள் நிறுத்த மாட்டாள். இன்னும் இரண்டு தட்டு. நிறுத்த மாட்டாள். "வடிவு, டம்ளர் நெளிஞ்சு போச்சு" என்பார். கரண்டியைத் தூக்க முடியாமல் போன பிறகு அவர் வேறு வழி கண்டுபிடித்தார். நேரமானதும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை அப்படி மூடியபோது அவள் பேச்சை விட்டுவிட்டுக் கன்னத்தைத் தட்டினாள், ஏங்க, ஏங்க. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஈரத் துணியில் சுற்றியது போல இருக்கும் அந்தக் குரலில், "மணி... அடிச்சாச்சு" என்றார். பேச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னம்மா, அய்யா சிரிக்காவ, நீங்க அழுதீய" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேசப் போறது வடிவாம்பாள் அக்கா" என்றார் சங்கரபாண்டியன். "அக்காவுக்காக ஐயா போன வருஷம் புது மணி வாங்கினாங்க. பழைய மணி தேஞ்சு போச்சு. அக்கா பேச ஆரம்பிச்சா எமன் வந்து நின்னாலும் ஓரமா ஒரு நாற்காலி போட்டு உக்காரச் சொல்லணும்." நர்சிங் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவளும் பல் தெரியச் சிரித்தாள், மேடையில் அப்படிச் சிரிப்பது முறை. எமனுக்கு நாற்காலி. வீட்டில் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது, பிரம்பு நாற்காலி, அவள் உட்காருவது. அவள் இல்லாதபோது அதில் யார் உட்காருவார்கள். போதும். எங்கே போகிறது மனசு. சங்கரபாண்டியன் பேச ஆரம்பித்து மூன்று நிமிடம். அந்தக் காலத்தில் மூன்று நிமிடம்தான் எல்லாம். வேலாயுதம் திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால்களை இணைத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்த வருடங்கள். கல்யாணமான புதிதில் அவள் மதுரைக்கோ திருச்சிக்கோ பேசப் போவாள், போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு மாமியாரிடம் பேசுவாள், நடுவில் லைனுக்குள் ஒரு குரல் வரும், ஆபீஸ் குரல், கஞ்சி போட்டுத் தேய்த்த குரல். "மூணு நிமிஷம் முடிஞ்சுது. நீட்டிக்கணுமா?" "ஏங்க, நான்தான்." "தெரியுது. நீட்டிக்கணுமா?" ஊருக்கு வந்ததும் சண்டை பிடித்தாள், பெண்டாட்டி என்று தெரிந்தும் கேட்பீர்களா, நீங்களே நீட்டித்தால் என்ன. அவர் ரொம்ப யோசித்துத்தான் பதில் சொன்னார். "நான் நீட்டிக்கக் கூடாது வடிவு. வெட்டவும் கூடாது. பேசுற ஆளு சொல்லணும். நான் கேக்கத்தான் முடியும்." அப்போது அது அவளுக்குப் பெரிய நியாயமாகத் தெரியவில்லை. உத்தியோகத் திமிர் என்று நினைத்தாள். அத்தை வேறு, என் பிள்ளை நேர்மையானவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நரம்பு டாக்டர் அவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகிற நோய், கைகளுக்கும் நாக்குக்கும் வந்தது மூச்சுக்கும் வரும், சில மாதங்களில் வரும், அப்போது கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகி மெஷினில் இணைக்கலாம், இணைத்தால் வருடக்கணக்கில்கூட இருக்கலாம், இணைக்க வேண்டாம் என்றால் மருந்து கொடுத்துத் திணறல் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், இரண்டில் எது என்று இப்போதே யோசித்து வையுங்கள். புத்தி கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றும் சொன்னார், அதை நல்ல செய்தி போல. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் வேலாயுதம் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார். சாய்த்தாரா, தானாகச் சாய்ந்ததா. பெருமாள்புரம் திருப்பத்தில், "மெஷின்... வேண்டாம்" என்றார். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று அவள் பாவனை செய்தாள். கேட்டது. அவருக்கும் தெரியும், கேட்டது என்று. நாற்பது வருடம் மற்றவர்கள் பேச்சைக் காதில் வாங்கி உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய்க் கேட்காத பாவனை. மெல்போர்னிலிருந்து மகள் அழுதாள். "இங்க ஊசி போட்டுச் சாகவே சட்டம் இருக்கும்மா, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே ரெண்டு பேரு அப்படிப் போனதைப் பார்த்திருக்கேன், சரின்னுதான் பட்டுது, அதெல்லாம் வேற. அப்பாவுக்கு மெஷின் வையுங்க. நான் டிசம்பர்ல வாரேன்." அதெல்லாம் வேற. அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாக நின்றுகொண்டது. ஊரார் சாவு ஒரு தலைப்பு. அப்பா வேற. இரண்டு தடவை அதை மறக்கப் பார்த்தாள், சோறு வடிக்கும்போது வந்தது, பிளவுஸுக்கு ஊக்கு மாட்டும்போது வந்தது. மகளைக் குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை. அவள் இத்தனை வருடம் பேசியதெல்லாம் அதெல்லாம் வேறதானே.

அவளுடைய பையில் ஒரு படிவம் இருக்கிறது. உயில் மாதிரிதான், ஆனால் ஆள் இருக்கும்போதே நடக்க வேண்டிய உயில். எனக்குச் சுயமாகச் சொல்ல முடியாத நிலை வந்தால் இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று எழுதி, கையெழுத்துப் போட முடியாததால் வேலாயுதம் போன வாரமே பெருவிரல் ரேகை வைத்துப் பார்த்துவிட்டார், ஒத்திகையாம். நாளைக்குப் பத்து மணிக்கு நோட்டரி வக்கீல் வீட்டுக்கு வருகிறார், சாட்சிக்கு இரண்டு பேர் வருகிறார்கள், அவர்கள் முன்னால் முறைப்படி வைப்பார். அதில் கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அவர் சார்பில் பேசுபவர் பெயர், ஒப்புதல், கையெழுத்து. டாக்டர் வந்து குழாய் போடவா என்று கேட்கும்போது, வேண்டாம் என்று அவருக்காகச் சொல்ல வேண்டிய ஆள். "நீதான்" என்றார் அவர். "வேற யாரு... உன்ன மாதிரி... பேசுவா?" அவள் எழுந்து போய்க் கொல்லையில் துணி எடுத்தாள். காயாத துணியை எடுத்தாள். பேச்சி, "ஈரமா இருக்கேம்மா" என்றாள். மூன்று வாரமாக அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, அவளும் தினமும் அதை எடுத்துப் பார்க்கிறாள், பேனா தேடுகிறாள், பேனாக்கள் எல்லாம் எங்கேயோ போய்விடுகின்றன. இந்த மன்றத்துக்கும் அவள் வரமாட்டேன் என்றுதான் சொல்லப் பார்த்தாள். வேலாயுதம்தான், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "உரிமை இல்லைங்கிற பக்கம்." கண்ணெல்லாம் சிரித்தார். "நல்லதாப் போச்சு... உன் பக்கம்தானே. போ." ஆனால் இந்தத் தடவை சாப்பாட்டு மேசையில் ஒத்திகை இல்லை. அவளால் முடியாது என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பேச்சியை உட்கார வைத்து நான்கு நாளாக எதையோ சொல்லி எழுத வைத்தார், அவள் உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். காலையில் பேச்சி அந்தத் தாள்களை ஒரு ஃபைலில் போட்டு அவள் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, "மேடையிலதான் பாக்கணுமாம், அய்யா சொன்னாவ" என்றாள், பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி.

சங்கரபாண்டியன் ஜோக்குகளை நிறுத்திவிட்டார். இது அவருடைய வித்தை, ஏழாவது நிமிடத்தில் குரலை இறக்குவார், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இன்றைக்கு இறக்கியது வித்தையாகத் தெரியவில்லை. "எங்க அப்பா கடைசி இருபத்தாறு நாளு வெண்டிலேட்டர்ல இருந்தாரு ஐயா. பதினோராவது நாளே ஸ்லேட்டுல எழுதிக் காட்டினாரு. போதும்னு. மூணு எழுத்து. நாங்க அழிச்சுட்டோம். அவரு மறுபடி எழுதினாரு. நாங்க மறுபடி அழிச்சோம். அப்புறம் சாக்பீஸை ஒளிச்சு வச்சோம். நாங்க நல்ல பிள்ளைங்கன்னு ஊரு சொல்லுது." முன்வரிசையில் ஒரு வயதான டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவர் மணியின் மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார். இருபது வருடமாகக் கூட மேடையேறுகிறவர், வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறவர், இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சாக்பீஸை ஒளித்து வைத்தோம். பேனாக்கள் எல்லாம் எங்கேயோ போய்விடுகின்றன. அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். ஃபைலை எடுத்து மடியில் பிரித்தாள்.

வெள்ளைத் தாள் முன்னும் பின்னும் நிறைந்திருந்தது. பேச்சியின் குண்டுக் குண்டான பத்தாம் வகுப்பு எழுத்து, நடுநடுவே அவருடைய குரல் அப்படியே. ஒன்று, வலியையும் பயத்தையும் குறைக்க வழி இருக்கு, அதைச் செய்யாம சாவைக் கொடுக்கிறது சோம்பேறித்தனம். இரண்டு, இன்னைக்குக் கேக்கிறவன் நாளைக்கு வேண்டாம்பான், மனுசன் மனசு அப்படி. மூன்று, நம்ம பக்கத்து ஊருகள்ல எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தியே வயசானவங்களை முடிச்சு வச்ச கதை இங்க எல்லாருக்கும் தெரியும், அங்க யாரும் அவங்களைக் கேக்கல, சட்டம் வந்தா கேட்ட மாதிரி எழுதி வாங்குவாங்க, இல்லாதப்பட்டவனுக்கு இது உரிமையா வராது, யோசனையா வரும். (இங்க நிறுத்து. தண்ணி குடி. சபை அடங்கும்.) ஆறு, மத்தவங்களுக்குப் பாரமா இருக்கேன்னு நோயாளி சொல்லுறான், தூக்குறவங்களைக் கேட்டானா. ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு இப்போது ஐந்து நிமிடம் ஆகிறது. மூச்சை இழுத்து, இரண்டு சொல், மறுபடி மூச்சு. நான்கு நாள். தன்னைப் போக விடாதே என்பதற்கு இத்தனை காரணத்தை அவரே மூச்சைச் செலவழித்துச் சேர்த்திருக்கிறார். அவள் சொல்லியிருக்கக் கூடியதைவிட நன்றாக. எட்டு. பிறகு ஒன்பது, தாளின் அடியில், இடம் போதாமல் வளைந்து ஏறிய எழுத்தில். ஒன்பது, படுத்துக் கிடக்கிறவனும் காது கேக்கிற வரைக்கும் ஆளுதான். பேசுறவளுக்குக் கேக்க ஒருத்தன் வேணும். அதுக்காகவே இருக்கலாம். (இதைக் கடைசியாச் சொல்லு. ஜெயிச்சுடலாம்.) அவள் யாரிடமும் சொல்லாதது. மகளிடம் சொல்லாதது, கொல்லையில் ஈரத் துணியை அணைத்துக்கொண்டு நின்றபோது தனக்கே சொல்லிக்கொள்ளாதது. குழாய் போட்டாலும் மெஷின் மூச்சு விட்டாலும் பரவாயில்லை, கண் மட்டும் இருந்தால் போதும், பத்து நிமிடம் ஆனதும் மூடிக்கொள்ள. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

மஞ்சள் தாளைப் பிரித்தாள். எதிரணி என்று தலைப்பு, கீழே ஒரே வரி. இதுக்கு நான் எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். அவ்வளவுதான். மீதித் தாள் முழுக்க மஞ்சளாகவே இருந்தது. அடி ஓரத்தில் மட்டும் பென்சிலில், வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரிச் சின்னதாக: அம்மா, ஒன்பது சொல்லும்போ அய்யா அழுதாவ. இத எழுதாதன்னு சொன்னாவ. நான் எழுதிட்டேன். பேச்சி.

"வடிவாம்பாள் அம்மா அவர்கள்" என்று நடுவர் இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் காதில் விழுந்தது. எழுந்தாள். சங்கரபாண்டியன் முகத்தைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்தார், அவர் கையைத் தொட்டாள், மேடையில் அப்படித் தொடுவது வழக்கமில்லை. மைக்கின் கம்பி விரலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்ததும் குரல் வந்துவிட்டது, எங்கிருந்துதான் வருகிறதோ, முப்பத்தைந்து வருடத்து விசுவாசம். ஒன்று சொன்னாள். இரண்டு சொன்னாள். மூன்றாவதில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள், சபை அடங்கியது, அவர் சொன்ன மாதிரியே. ஒரு நர்சிங் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள், அந்தப் பெண்ணின் ஊரிலும் யாரோ ஒருவருக்கு எண்ணெய் தேய்த்திருப்பார்கள். பேசுகிற ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தது. இதுதான் ஆச்சரியம். கேட்கப்படாதவனைக் கொல்லக் கூடாது என்பதும் உண்மை, கேட்டுவிட்டவனைக் கட்டி வைக்கக் கூடாது என்பதும் உண்மை, இரண்டும் ஒரே பையில் அடுத்தடுத்த தாளில் இருக்கின்றன. ஆறாவதைச் சொல்லும்போது கைதட்டினார்கள். தூக்குகிறவளைக் கேட்டானா. கேட்டார், என்று மனசு அவளுக்குப் பதில் சொன்னது, கேட்டுத்தானே கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறார், லைனில் அந்தக் குரலோடு காத்துக்கொண்டிருக்கிறார். நான் நீட்டிக்கக் கூடாது, வெட்டவும் கூடாது, பேசுற ஆளு சொல்லணும். அவர் சொல்லியாகிவிட்டது. அவளுடைய வேலை அதைக் காதில் வாங்குவது மட்டும். ஏழு. எட்டு. வெள்ளைத் தாளைத் திருப்பினாள், வளைந்து ஏறிய கடைசி வரியில் கண் நின்றது, வாயைத் திறந்தாள், மணி அடித்தது.

புது மணி, சத்தம் சுத்தமாக இருந்தது. அவள் நிற்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் முன்கூட்டியே ஒரு சிரிப்புக் கிளம்பியது. நடுவர் தன் மைக்கை இழுத்து, "அம்மாவுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் தரலாமா?" என்று சபையைக் கேட்டார், சபை கைதட்டியது. "எடுத்துக்கோங்கம்மா. நல்ல இடத்துல நிக்கிறீங்க." ஒன்பதாவது அவள் நாக்கில் இருந்தது. சொன்னால் இந்த மண்டபம் அழும், பிரியாணி ஆறிப் போகும், இதுவரை பேசியதிலேயே இதுதான் நல்ல பேச்சு என்பார்கள். கண் மூடிய முகம் ஒன்று எதிரே தெரிந்தது, ஒரு கண்ணைத் திறக்கலாமா என்று யோசிக்கிற முகம். வெள்ளைத் தாளை நான்காக மடித்தாள்.

"போதும் ஐயா" என்றாள். "மணி அடிச்சாச்சு."

தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். சங்கரபாண்டியன் சாய்ந்து, "என்னக்கா, மணிக்கு உக்காந்துட்டீங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? வீட்ல அண்ணாச்சி எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க தம்பி. பேனா வச்சிருக்கீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மூடி கடிபட்டிருந்த நீலப் பேனா. மடியில் ஃபைலை வைத்து அதன்மேல் படிவத்தை விரித்தாள். நடுவர் எழுந்து தொண்டையைச் செருமி, இரு பக்கமும் நன்றாகத்தான் பேசினார்கள் என்று வழக்கம்போல் ஆரம்பித்து, சுற்றி வளைத்து, சிவப்புப் பக்கமே வென்றது என்று சொல்லி முடித்தபோது அவள் தன் பெயரை முழுவதும் எழுதியிருந்தாள். பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் மை காயட்டும் என்று தாளின் மேல் மெதுவாக ஊதினாள்.